மூன்றாம் கிடங்கில் விழுந்த பந்து

"பெல்ட்டப் போட்டுக்கோங்க தனிஸ் அண்ணே" என்கிறான் ரவீந்திரன், நான் அந்தக் கொக்கியைத் தேடுவதற்குள் அவனே குனிந்து இழுத்து மாட்டிவிடுகிறான், அவன் தலை என் மூக்குக்கு நேராக வருகிறது, உச்சியில் முடியே இல்லை, அறுபது வயதாகிவிட்டது இவனுக்கு, ஒன்பது வயதில் இதே தலையில் விரலால் தட்டி பந்தப் பாருங்க தம்பி, ஆளப் பாக்காதீங்க என்று சொல்லிக்கொடுத்தவன் நான். திரேஸ்புரத்துச் சந்துக்குள் இத்தனை பெரிய காரைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் நிறுத்தி, என் மனைவி அமலோற்பவத்திடம் அக்கா நல்லாருக்கீங்களா என்று கேட்டு, ஒரு மணி நேரத்துல கொண்டாந்து விட்டுருதேன் என்று வாக்குக் கொடுத்து என்னைக் கூட்டிப் போகிறான். எங்கே, மூன்றாம் கிடங்குக்கு. அடுத்த மாதம் அதை இடிக்கப்போகிறார்களாம். இடிப்பதற்குள் அங்கே நடந்த டென்னிஸ் போட்டியின் வரலாற்றை ஒரு சின்னப் புத்தகமாகப் போட வேண்டுமாம். "அம்பத்திநாலுல ஆரம்பிச்சு எம்பத்திமூணு வரைக்கும் முப்பது வருஷம் நடந்துருக்கு அண்ணே, இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியல, உள்ள இருந்து கண்ணால பாத்த ஆளுன்னு இப்ப நீங்க ஒருத்தர்தான் மிச்சம்." ஆமாம், நான் ஒருத்தன்தான் மிச்சம், எழுபத்தொன்பது வயது ஸ்தனிஸ்லாஸ், பெருமாள் பஞ்சு பிரஸ்ஸின் பழைய மார்க்கர். எல்லாம் சொல்கிறேன். யார் ஆரம்பித்தது, யார் யார் ஆடினார்கள், எத்தனை பேர் தும்மினார்கள், எல்லாம். ஏன் நின்றுபோனது என்பதை மட்டும் என்னைத் தவிர ஒரு ஆளும் சொல்ல முடியாது, ஏனென்றால் அதை நிறுத்தியவன் நான், மடியில் கிடக்கிற இந்த வலது கையால் நிறுத்தினேன்.

கடற்கரைச் சாலையில் கார் திரும்புகிறது, வானம் கடலுக்கு மேல் கறுத்துக் கிடக்கிறது, சாயந்திரம் நாலரை மணிக்கே விளக்குப் போட்டுவிட்டார்கள். ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கிற இந்த நாளில்தான் போட்டி நடக்கும், மழையில்தான் அதன் உயிரே இருந்தது. வெளியே மண் தரையெல்லாம் சேறாகிக் கிடக்கும், மதுரையிலும் மெட்ராஸிலும் திருவனந்தபுரத்திலும் ராக்கெட்டை உறைக்குள் போட்டுவிட்டு ஆட்டக்காரர்கள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள், எங்கள் மூன்றாம் கிடங்கில் மட்டும் பந்து துள்ளும். பஞ்சை அமுக்கிப் பொதி கட்டுகிற ஆலை எங்கள் பிரஸ், வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் இருந்தபோது நடனம் ஆடுவதற்காக மூன்றாவது கிடங்கில் தேக்குப் பலகை பரப்பியிருந்தார், அவர் கப்பலேறிப் போனதும் ரவியின் தாத்தா ஆலையை வாங்கினார், தாத்தா செத்ததும் ரவியின் அப்பா தங்கையா அண்ணாச்சி அந்தப் பலகை மேல் வெள்ளைக் கோடு போட்டு, வலை கட்டி, அப்பா பேரில் பெருமாள் கோப்பை என்று ஆரம்பித்தார். கொழும்பிலிருந்து கூடக் கப்பலேறி வந்து ஆடியிருக்கிறார்கள். பலகையில் பந்து எழும்பாது, வழுக்கிக்கொண்டு கணுக்காலுக்கு வரும், புதிதாக வருகிறவன் முதல் ஆட்டத்தில் காற்றைத்தான் அடிப்பான். விளக்கு வெளிச்சத்தில் பஞ்சுத் தூசி பறந்துகொண்டே இருக்கும், பந்தை மேலே போட்டுவிட்டுத் தும்முகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கிடங்கின் பெரிய விசேஷம் கூரைதான், தகரக் கூரை, மழை பிடித்துக்கொண்டால் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்கள் போட்டியில் கோட்டைப் பார்க்கிற ஆட்கள் வாயைத் திறப்பதில்லை. பந்து உள்ளே என்றால் இரண்டு உள்ளங்கையையும் தரையைப் பார்த்து விரிக்க வேண்டும். வெளியே என்றால் ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்ட வேண்டும், அவ்வளவுதான். பத்தொன்பது வருஷம் அந்த வேலையும் பார்த்தேன். காலையில் தரையைக் கூட்டுவேன், கோடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பேன், மத்தியானம் கனவான்களுக்குப் பந்து அடித்துப் பழக்கிவிடுவேன், ஆட்டம் தொடங்கினால் நாற்காலி போட்டுக் கோட்டைப் பார்ப்பேன், ஆட்டம் முடிந்தால் வெள்ளித் தட்டில் கோப்பையை வைத்து அண்ணாச்சியிடம் கொண்டுபோய் நீட்டுவேன். மார்க்கர் என்றால் அதுதான். சம்பளத்துக்குப் பந்து அடிக்கிறவன், அதனால் போட்டியில் பேர் கொடுக்க முடியாதவன். அந்த ஊரில் என்னை ஜெயிக்கக்கூடிய ஆள் ஒருத்தன் இல்லை என்பது கனவான்கள் எல்லாருக்கும் தெரியும், தினம் மத்தியானம் அவர்களிடம் தோற்றுக் கொடுப்பதும் என் வேலையில் சேர்த்திதான்.

"எழுபத்தொண்ணுல ஜெயிச்சது யாருண்ணே? அந்த ஒரு வருஷத்துக்குத்தான் போட்டோவே கிடைக்கல" என்கிறான். திருவனந்தபுரத்து டாக்டர் ஒருத்தர் என்கிறேன். அவன் கேட்டதற்குப் பதில் அது. எழுபத்தொன்று என்று அவன் வாயால் சொன்னதும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன், ஐம்பத்து மூன்று வருஷமாக அந்த எண்ணைக் கேட்டால் இப்படித்தான். அந்த வருஷம் புரட்டாசியில் அண்ணாச்சி கணக்குப்பிள்ளை முன்னால் வைத்துத்தான் சொன்னார், "ஏல தனிசு, இப்ப மத்த ஊர்ல எல்லாம் சம்பளக்காரனையும் ஆட விடுதானாம், இந்த வருஷம் நீயும் பேர் குடுல." நானா கேட்டேன்? நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து கிடங்கின் பின்சுவரில் பந்தை அடித்து அடித்து அந்தச் சுவரில் காரையே பெயர்ந்துபோனது. அமலோற்பவத்துக்கு அப்போது ஆறு மாதம், எங்கள் முதல் பிள்ளை, அவள்தான் வெள்ளைக் கால்சட்டைக்குக் கஞ்சி போட்டுப் பெட்டி தேய்த்தாள், வயிறு இடிக்க இடிக்கக் குனிந்து தேய்த்தாள். கிடங்கு வாசலில் ஒட்டின தாளில் பதினாலாவது பேர் என் பேர், ஸ்தனிஸ்லாஸ் என்று முழுசாக டைப் அடித்திருந்தது, என் பேரை அப்படி முழுசாக அதற்கு முன்னால் ஞானஸ்நானப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். மூன்று நாள் அந்தத் தாளைப் பார்ப்பதற்கென்றே அந்த வாசல் வழியாக நடந்தேன். நாலாம் நாள் காலையில், ஆட்டம் தொடங்குகிற அன்றைக்கு, என் பேர் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. வேறு ஒன்றும் இல்லை, ஒரு கோடு. உள்ளே போனேன். கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு அமலோற்பவம் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், அவளுக்குப் பக்கத்தில் டாக்டர் வீட்டு அம்மா, அண்ணாச்சி முதல் வரிசையில் விருந்தாளிகளோடு, நான் வெள்ளைக் கால்சட்டையோடு நிற்கிறேன், யாரோ என்னவோ கேட்டார்கள், அண்ணாச்சி திரும்பி, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, அன்றைக்கு மழை கூட இல்லை, "மார்க்கரே ஜெயிச்சிட்டாம்னா கோப்பைய யாருடே தட்டுல வச்சு எடுத்துக் குடுக்கது?" என்றார். சிரித்தார்கள். டாக்டர் வீட்டு அம்மா அமலோற்பவம் பக்கம் திரும்பிச் சிரித்தாள், என்ன சிரிக்கிறோம் என்று தெரியாமல் இவளும் கொஞ்சம் சிரித்தாள். அதுதான். அவர் சொன்னது கூடப் பரவாயில்லை. அவள் சிரித்தாள், பாவம், மரியாதைக்காகச் சிரித்தாள். இறுதி ஆட்டத்தன்று சாயந்திரம் நான் கோப்பையைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். மறுநாள் அந்தக் கால்சட்டை டிரங்குப் பெட்டிக்கு அடியில் போனது.

சிக்னலில் கார் நிற்கிறது. கண்ணாடியில் முதல் துளிகள். ரவி வைப்பரைப் போடுகிறான், அது தடக் தடக்கென்று போய்ப் போய் வருகிறது, ஆட்டம் பார்க்கிற கூட்டத்தின் தலை மாதிரி. பழிக்குப் பொறுமை வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வருஷப் பொறுமை இருந்தது. வேலையை விட்டுப் போயிருக்கலாம், அமலோற்பவத்தின் அண்ணன் தோணியில் கணக்கு எழுதக் கூப்பிட்டான், போகவில்லை, போயிருந்தால் அண்ணாச்சி அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்குள் என்னை மறந்திருப்பார். இருந்தேன். கூட்டினேன், பெயிண்ட் அடித்தேன், தட்டை ஏந்தினேன். ரெண்டு வருஷம் கழித்து அண்ணாச்சி ஒன்பது வயதுப் பையனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, "இவன ஒரு ஆளாக்கி விடுல தனிசு, எங்கய்யா பேருல உள்ள கோப்பைய எம்மவன் வாங்கணும்" என்றார். அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, படம் வரைந்த மாதிரி. இவனை நான் ஆளாக்குவேன். ஆளாக்கித்தானே உடைக்க முடியும். நல்ல பையன், சொன்னதைக் கேட்பான், ஒருநாளும் டேய் வாடா என்று பேசினதில்லை, ஆலையில் மற்றவர்கள் எல்லாரும் தனிசு தனிசு என்றபோது இவன் மட்டும் தனிஸ் அண்ணே என்பான், தாகமெடுத்தால் எனக்கும் சேர்த்து சோடா வாங்கி வருவான். அதெல்லாம் என்னை ஒன்றும் செய்யவில்லை. இல்லை, கொஞ்சம் செய்தது, சில நாள் அவன் சரியாக ஒரு பந்தை அடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பான், அப்போது சபாஷ் என்று வாய் வரைக்கும் வரும், உடனே கஞ்சி போட்ட கால்சட்டையை நினைத்துக்கொள்வேன், சரியாகிவிடும். பேக்ஹேண்டில் கோட்டை ஒட்டி நேராகப் போகிற அடி ஒன்று உண்டு, ஆயிரத்தில் ஒருத்தனுக்குத்தான் வரும், எனக்கு வரும், அதை அப்படியே அவன் கைக்குள் வைத்தேன். எண்பத்து மூன்றில் அவனுக்குப் பத்தொன்பது. முப்பதாவது வருஷம் என்று அண்ணாச்சி தோரணம் கட்டியிருந்தார், கலெக்டர் வந்திருந்தார், இறுதி ஆட்டத்தில் ரவியும் ஒரு மெட்ராஸ் பையனும். வெளியே பேய்மழை. தகரம் அலறுகிறது. மூன்றாவது செட்டும் சரிசமமாக வந்து, முடிவுக்காக ஆடுகிற டை-பிரேக்கில் இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை ரவிக்கு. பக்கக் கோட்டு நாற்காலியில் நான். மெட்ராஸ் பையன் வலைக்கு ஓடி வருகிறான், ரவி கால் மாற்றி, தோளைத் திருப்பி, நான் சொல்லிக்கொடுத்தபடியே, மயிரிழை பிசகாமல், அந்த அடியை அடிக்கிறான். பந்து என் காலடிக்கு ஒரு முழம் முன்னால் கோட்டில் விழுந்தது. பாதிப் பந்து வெள்ளையில், பாதிப் பந்து பலகையில். நான் அடித்த பெயிண்ட், எனக்குத் தெரியாதா. அதைவிட அழகான பந்தை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. என் வலது கை தானாக எழுந்து பக்கவாட்டில் நீண்டது. வெளியே.

மண் தரை என்றால் தடம் இருக்கும், போய்ப் பார்க்கலாம். பலகையில் தடம் கிடையாது. நடுவர் என் கையைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். ரவி என்னைப் பார்த்தான். வாய் என்னவோ அசைந்தது, மழையில் கேட்கவில்லை, பிறகு நடுவரைப் பார்த்து லேசாகக் கையைத் தூக்கிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான், போகட்டும் விடு என்கிற மாதிரி. அந்தக் கையைத் தூக்கினது எனக்குப் பல ராத்திரி எரிந்தது. கத்த வேண்டாமா? ராக்கெட்டைத் தரையில் அடிக்க வேண்டாமா? பணக்காரன் மகன், ஒரு பந்து போனால் போகட்டும் என்று விட்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு இரண்டே பந்து, இரண்டையும் வலையில் அடித்தான், முடிந்தது. அண்ணாச்சியின் முகத்தை நான் தட்டோடு போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன், மெட்ராஸ் பையனிடம் கோப்பையைக் கொடுக்கும்போது அவர் விரல் வழுக்கியது. ஒரு மாதம் பயந்து கிடந்தேன், வாசலில் சைக்கிள் மணி அடித்தாலே ஆலையிலிருந்து ஆள் வந்துவிட்டது என்று நெஞ்சு அடிக்கும். யாரும் வரவில்லை. அதைவிட நல்ல சேதி அடுத்த வருஷம் வந்தது, போட்டி இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. கோடுகள் மேல் பஞ்சுப் பொதியை அடுக்கச் சொன்னார் அண்ணாச்சி, அடுக்கினதை மேற்பார்வை பார்த்தவனும் நான்தான், ஒவ்வொரு பொதி இறங்கும்போதும் பிணத்தின் மேல் மண் விழுகிற சத்தம் கேட்டது எனக்கு, இனிமையாகக் கேட்டது. நீர் ஒரு கோடு போட்டீர் அண்ணாச்சி, நான் ஒரு கையை நீட்டினேன், உம்முடைய அப்பா பேரே அழிந்தது. பிள்ளைகளைப் படிக்க வைத்தபோதும், மூத்தவன் வெளியூர் போய்க் கடிதம் போடாத வருஷங்களிலும், முட்டி வலியில் தூங்காத ராத்திரிகளிலும் அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டேன். யாரிடமும் சொன்னதில்லை. அமலோற்பவத்திடம் கூட இல்லை.

காவல்காரர் கேட்டைத் திறந்துவிடுகிறார். ரவி என் கையைப் பிடித்து இறக்குகிறான், வேண்டாம் என்று உதறப் பார்க்கிறேன், முட்டி கேட்கவில்லை. கிடங்குக்குள் பொதி ஒன்றும் இல்லை, காலி, கூரையில் பாதித் தகரத்தைக் கழற்றிவிட்டார்கள், சாம்பல் வெளிச்சம் உள்ளே விழுகிறது. பலகை பல இடத்தில் உப்பிப் போயிருக்கிறது. ஆனால் கோடு இருக்கிறது. தேய்ந்து, விட்டு விட்டு, ஆனால் இருக்கிறது, என் பெயிண்ட். கால் தானாக அந்தப் பக்கக் கோட்டுக்குப் போகிறது, நாற்காலி இருந்த இடத்தில் நிற்கிறேன். ரவி போனை என் பக்கம் நீட்டிப் பிடித்திருக்கிறான், பேச்சைப் பதிவு செய்யவாம். "இங்கதான அண்ணே உக்காந்திருந்தீங்க." ஆமா என்கிறேன். வா, கேள், ஏன் நின்றுபோனது என்று கேள். அவன் கேட்கவில்லை. அவன் சொல்கிறான்.

"புத்தகத்துல கடேசி பக்கம் உங்களப் பத்திதாண்ணே. எழுதி முடிச்சிட்டேன். அந்த வயசுல இந்த ஊர்ல எல்லாரும் எங்கிட்ட நல்லதாவே பேசுவாங்க. வாத்தியாரும் அப்படித்தான், ஆலைல உள்ளவங்களும் அப்படித்தான். மொதலாளி மகன்ல. கலெக்டர் உக்காந்திருக்காரு, அப்பா உக்காந்திருக்காங்க, உங்க சோறே அப்பா கையில இருக்கு, அப்பவும் பந்து வெளியன்னு கைய நீட்டுனீங்க பாருங்க. எனக்கு அன்னைக்குத்தான் அண்ணே ஒரு மனுசன்னா எப்படி இருக்கணும்னு தெரிஞ்சுது."

நான் அவன் முகத்தைப் பார்க்கிறேன், கேலி செய்கிறானா என்று. இல்லை. கண் ஈரமாக இருக்கிறது. "தம்பி," என்கிறேன், "அந்தப் பந்த நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேனே. வெளியதான். மொதல்ல உள்ளன்னுதான் நெனச்சேன், அப்புறம் உங்க கையப் பாத்தேன். உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது? அன்னைக்கு ராத்திரி அப்பா குதிச்சாங்க, நாளைக்கே அவன வேலைய விட்டுத் தூக்குதேன்னு. நான் சொல்லிட்டேன், கண்ணால பாத்தத பாத்தபடி சொன்ன ஆளு அவரு, அவர அனுப்புனா நானும் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்னு."

கூரையில் மிச்சமிருந்த தகரத்தில் மழை விழத் தொடங்குகிறது, தனித்தனியாக. ஒரு மாதம் சைக்கிள் மணிக்குப் பயந்தேனே, அப்போது என் வேலையைக் காப்பாற்றியது இவன். இருபத்து நாலு வருஷம், ஓய்வு பெறுகிற வரைக்கும் நான் தின்ற சோறு இவன் வாங்கிக் கொடுத்தது. "அப்ப போட்டிய நிப்பாட்டுனது? அந்தத் தோல்விதான? அண்ணாச்சிக்கு மனசு விட்டுப்போயித்தான?" நானே கெஞ்சுகிற மாதிரி எனக்குக் கேட்கிறது.

ரவி சிரிக்கிறான். "அட அதெல்லாம் இல்லண்ணே. எம்பத்திநாலுல பருத்தி விளைச்சல் ஏகத்துக்குக் கூடிப்போச்சுல்லா, ரெண்டு கிடங்கும் நெறஞ்சு இங்கயும் பொதி போட வேண்டியதாச்சு. அடுத்த வருஷம் நடத்திக்கிடலாம்னாங்க அப்பா. அடுத்த வருஷமும் பொதி. அப்புறம் யாரும் கேக்கல, அதுபாட்டுக்கு நின்னுபோச்சு. நீங்கதான பொதி அடுக்குனீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

பருத்தி. நான்தான் அடுக்கினேன். ஒவ்வொரு பொதியாக எண்ணி இறக்கினேன், முதல் கிடங்கு நிறைந்ததும் இரண்டாவது நிறைந்ததும் என் கண் முன்னால், மண் விழுகிற சத்தம் கேட்டதே, அது பொதி விழுந்த சத்தம், வெறும் பொதி. அப்படியானால் நான் என்னதான் செய்தேன்? தங்கையா அண்ணாச்சி தொண்ணூறு வயதில் நிம்மதியாகச் செத்தார், அவருக்கு நான் ஒரு வேலைக்காரன், கடைசி வரைக்கும் அவ்வளவுதான், இவனுக்கோ நான் மனுசன்னா எப்படி இருக்கணும் என்பதற்கு உதாரணம், நாற்பத்தொரு வருஷமாக நான் தடவித் தடவிப் பார்த்த கத்தியை இவன் வாங்கி மாலை போட்டு வைத்திருக்கிறான். புத்தகத்தில் வேறு போடப்போகிறான். நேர்மையான தனிஸ் அண்ணன். அப்பன் என் பேரை அடித்தான், மகன் என் பழியை அடிக்கிறான், எதுவும் என் கையில் தங்கக் கூடாது என்று இந்தக் குடும்பமே சேர்ந்து முடிவு செய்த மாதிரி. சரி என்று வாங்கிக்கொண்டு போகலாம். அமலோற்பவம் அந்தப் பக்கத்தைப் பேரப்பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டச் சொல்வாள். போகலாம். முடியாது. இத்தனை வருஷம் வைத்திருந்தது ஒன்றுதான், அதையும் இப்படி நற்செயலாக்கி என் கழுத்தில் மாட்டினால் நான் யார்.

"பந்து உள்ளதான் விழுந்துச்சு தம்பி."

"என்னண்ணே?"

"கோட்டு மேல. இங்க." குனிய முடியவில்லை, செருப்பு நுனியால் காட்டுகிறேன். "பாதிப் பந்து வெள்ளையில. உங்க தாத்தா கோப்பை உங்களுக்கு வரவேண்டியது. நான் தெரிஞ்சேதான் கைய நீட்டுனேன்."

அவன் சிரிக்கப்போனவன் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து நம்பிவிட்டான், உடனே நம்பிவிட்டான், என்னை எப்போதும் இப்படித்தான் நம்புவான். போனைக் கீழே இறக்கினான். தரையைப் பார்த்தான், நான் காட்டின இடத்தை, அங்கே என்ன இருக்கிறது, ஒன்றும் இல்லை. அவன் கன்னம் தொங்கி, பிறகு இறுகி, ஒரு நொடி பத்தொன்பது வயது முகம் அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது, அன்றைக்கு மழையில் கேட்காமல் போன அந்த வார்த்தையோடு. இதுதான், இதற்குத்தான் காத்திருந்தேன். என் உடம்பெல்லாம் சூடாகிறது.

"ஏன்?"

"எழுபத்தொண்ணுல எம்பேரு தாள்ல இருந்துச்சு. அத உங்கப்பா கோடு போட்டு அடிச்சாவ. எல்லாரு முன்னாலயும் எம்பொண்டாட்டி இருக்கையில, மார்க்கரு ஜெயிச்சா கோப்பைய யாரு எடுத்துக் குடுப்பான்னு கேட்டுச் சிரிச்சாவ."

"எழுபத்தொண்ணுல எனக்கு ஏழு வயசு" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். "எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க வெள்ள பேண்ட் போட்டு நின்னீங்க. அப்பா மடியில நான் உக்காந்திருந்தேன். நான்தான் கேட்டேன், தனிஸ் அண்ணன் ஏம்ப்பா ஆடல, அவங்கதான ஜெயிப்பாங்கன்னு. அதுக்குத்தான் அப்பா அப்படிச் சொன்னாங்க. எல்லாரும் சிரிக்கவும் என்னப் பாத்துச் சிரிக்காங்கன்னு நெனச்சு அழுதேன். அம்மா தூக்கிட்டு வெளிய போனாங்க."

அவ்வளவு சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். யாரோ என்னவோ கேட்டார்கள். ஐம்பத்து மூன்று வருஷமாக அந்த இடத்தில் யாரோ என்னவோ கேட்டார்கள் என்றுதான் எனக்கு ஓடும், அதற்கப்புறம் அண்ணாச்சியின் குரல், அதற்கப்புறம் சிரிப்பு. ஒரு குழந்தை அழுத சத்தம் இருந்ததா? இருந்தது. சிரிப்புக்கு அடியில் இருந்தது. வேண்டாம். கேட்டான், சரி, கேட்டான், இவனை யார் கேட்கச் சொன்னது, இவன் கேட்காமல் இருந்தால் அவர் அதைச் சொல்லியே இருக்க மாட்டார், அமலோற்பவம் சிரித்திருக்க மாட்டாள். அப்படி நினைத்துப் பார்க்கிறேன், பிடித்துத் தொங்குகிறேன், நிற்கவில்லை. அந்த முன்னூறு பேரில் எனக்காக வாய் திறந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆளின் பந்தைத்தான் வெளியே என்றேன்.

மழை வலுத்துவிட்டது. வாசலுக்கு வந்து பார்த்தால் கார் விளக்கு எரிகிறது, இன்ஜின் ஓடுகிறது. விட்டுவிட்டுப் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன், போ, போய்விடு என்று வேண்டிக்கூடக் கொண்டேன், இந்த மழையில் இந்த முட்டியோடு என்னை நடக்க விட்டுப் போனால் உனக்கும் எனக்கும் சரியாகிவிடும் ரவி. போகவில்லை. ஒரு தடவை மெதுவாக ஹாரன் அடித்தான். நனைந்துகொண்டே போய் ஏறினேன். பெல்ட்டை நானே தேடி மாட்டினேன், கொக்கி அகப்பட நேரமாயிற்று, அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி காத்திருந்தான். கடற்கரைச் சாலை, சிக்னல், கோயில், மீன்கூடைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுகிற பெண்கள். ஏதாவது சொல்ல வேண்டும். அப்ப உங்களுக்கு ஏழு வயசுன்னு தெரியாமப்போச்சு என்று சொல்லலாம், பொய், வயது எனக்குத் தெரியும். அந்த அடி ரொம்ப நல்ல அடி தம்பி, நானே அப்படி அடிச்சதில்ல என்று சொல்லலாம், அது மெய், ஆனால் இந்த வாயிலிருந்து வந்தால் அதுவும் அழுகிவிடும். சந்து முனையில் நிறுத்தினான், வாசல் வரைக்கும் வரவில்லை.

"இறங்கும்" என்றான்.

அண்ணே இல்லை. இறங்குங்க இல்லை. இறங்கும். கடையில் நிற்கிற ஆளிடம், கடன் கேட்டு வந்தவரிடம் சொல்கிற மாதிரி. இறங்கினேன். கதவைச் சாத்தியதும் கார் பின்னால் போய்த் திரும்பிப் போய்விட்டது, வேகமாகக்கூடப் போகவில்லை.

வாசலில் அமலோற்பவம் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "ரவி தம்பி உள்ள வராமலா போறாவ? காபி போட்டு வச்சிருக்கேனே. இப்படித் தொப்பலா நனைஞ்சு வாரீங்க, குடை இல்லியா காருல?" என்று கேட்டுக்கொண்டே என்னை இழுத்து ஸ்டூலில் உட்கார வைத்து, துண்டை எடுத்துத் தலையைத் துவட்டுகிறாள், பரபரவென்று, பிள்ளைகளுக்குத் துவட்டுகிற மாதிரி. எனக்குப் பல் கிட்டுகிறது. "என்ன ஆச்சு, சண்டையா? உங்களுக்குள்ள என்ன சண்டை வரப்போகுது" என்கிறாள். துண்டுக்குள் இருட்டாக இருக்கிறது.

"அந்தப் பந்து உள்ளதான் விழுந்துச்சு அமலோ" என்கிறேன்.

அவள் கை நிற்கிறது. துண்டை விலக்கி என் முகத்தைப் பார்க்கிறாள், காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியில் புறங்கையை வைக்கிறாள்.

"எந்தப் பந்து?"